டி. ஆர். சுந்தரமும் காட்டு யானைகளும்

திருச்செங்கோட்டில் 1907-ஆம் ஆண்டு பிறந்த திருவாளர் டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்து சென்று நெசவுத்தொழிற் கல்வி கற்றவராயினும், நாடியது படத்தொழிலையே. சேலத்தில், ஏற்காட்டு மலையடியில், மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய அலிபாபாவும் நாற்பது திருடர்களும் (1956) அங்கு உருவானதே என்பதை யாவரும் அறிவர்.

நாம் போற்றுவதோ, 1952-இல் அமெரிக்கருடன் கூடி அவர் தயாரித்த காடு என்னும் படத்தை. அதில் யானைகள் ஊர் புகுந்து மக்களைத் தாக்குகின்றன. காரணம் சினமன்று, அச்சம். மாமூத் எனும் தொல்பழஞ் சடையானைகளுக்கு அஞ்சி அவை வெருண்டோடுகின்றன. அம்மாமூத்துகளும் மயிர் போர்த்த நம் நாட்டு யானைகளே! அதுகண்டு நாமும் சற்றே நகைத்தோம். ஆயினும் வெருண்ட யானைகளின் அச்சம் நம்மையும் பற்றிற்று.

1963-இல் வெளிவந்த ஹிட்ச்காக்கின் பறவைகள் படமோ, பறவைகள் மக்களைத் தாக்குவதற்குக் காரணமே கூறவில்லை. நம்மவர் படம் காரணங் காட்டியதால், விலங்கின்பால் இரக்கமும் பிறக்கிறது. சுந்தரம் மறைந்ததும் அவ்வாண்டிலேயே.