டோக்கியோ நகரில் மௌலவி பரக்கத்துல்லாஹ் போபாலி



நமது ஆண்டறிக்கை மலரில் வரவு செலவுக் கணக்குகளுக்குப் பின்னர், மார்க்கத்திற்கும் நாட்டிற்கும் உழைத்த பெருமக்களுள் ஒருவரை நினைவுகூர்வது நலம் என்று கருதுகின்றோம். இம்முறை மௌலவி பரக்கத்துல்லாஹ் போபாலி அவர்களைத் தேர்ந்துகொண்டோம். விடுதலைப் போராட்ட வரலாற்றில் அவர் பெயரை அறிந்தோர் நம்மில் சிலர் உண்டு. ஆயினும் அவர் ஜப்பான் நாட்டில் ஐந்தாண்டுகள் வாழ்ந்ததையும், பள்ளிவாசலே இல்லாத ஒரு தலைநகரில் தம் வாழ்வை அமைத்துக்கொண்டதையும் அறிந்தோர் மிகச் சிலரே. வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் என்று பிழைப்புத் தேடிச் சென்ற நம் இளைஞர்கள் இன்று ஜப்பானையும் நாடத் தொடங்கியுள்ள வேளையில், அந்த ஐந்தாண்டு வரலாறு நமக்குப் பயன்தரும்.

பரக்கத்துல்லாஹ் அவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போபால் சமஸ்தானத்தில் பிறந்தவர். அரபு, பாரசீகம், உருது ஆகிய மொழிகளைக் கற்றுத் தேர்ந்தார். பின்னர் பம்பாய் சென்று ஆங்கிலமும் பயின்றார். அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். லிவர்பூல் நகரில் அப்துல்லாஹ் குவில்லியம் என்ற ஆங்கிலேய முஸ்லிம் நிறுவியிருந்த முஸ்லிம் கழகத்தில் பணியாற்றினார். தம் நாடு அடிமைப்பட்டிருக்கும் நிலையை அந்நாட்டின் எசமானர்களது மண்ணிலேயே நின்று கண்டபோது, அவருள் விடுதலை வேட்கை வேர்கொண்டது. பின்னர் அமெரிக்கா சென்று நியூயார்க் நகரில் சில ஆண்டுகள் தங்கி, எழுத்தாலும் பேச்சாலும் இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டினார்.

1909ஆம் ஆண்டில் அவர் டோக்கியோ வந்து சேர்ந்தார். 1904-05ஆம் ஆண்டுகளில் நடந்த போரில் ரஷ்யப் பேரரசை ஜப்பான் வென்றதிலிருந்து ஆசிய நாடுகள் அனைத்தின் பார்வையும் அந்நாட்டின் மீது பதிந்திருந்தது. இந்திய மாணவர்கள் தொழிற்கல்வி பெறுவதற்காக அங்குச் சென்றனர். டோக்கியோ அயல்மொழிப் பள்ளியில் 1908ஆம் ஆண்டில் இந்துஸ்தானி மொழிப்பிரிவு தொடங்கப்பட்டிருந்தது. அப்பிரிவின் ஆசிரியராகப் பரக்கத்துல்லாஹ் அவர்கள் அமர்த்தப்பட்டார். அப்பள்ளியே இன்று டோக்கியோ அயல்மொழிப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. உருது மொழி இன்றும் அங்குக் கற்பிக்கப்படுகின்றது.

அவ்வேளையில் அவர் ஐம்பதையொட்டிய வயதினர். அந்த வயதில் மற்றுமொரு புதிய நாடு, புதிய மொழி, புதிய உணவு! நம் பிள்ளைகள் இன்று அங்குச் சென்றால் தொழுவதற்குப் பள்ளிவாசல் உண்டு. ஹலால் இறைச்சி விற்கும் கடை உண்டு. வீட்டாருடன் முகம் பார்த்துப் பேசக் கைப்பேசி உண்டு. 1909ஆம் ஆண்டின் டோக்கியோவில் இவற்றுள் ஒன்றும் இல்லை. பாங்கொலி கேட்காத நகரம் அது. வக்த்தை அவரவரே கணித்துக்கொள்ள வேண்டும். அறுத்த இறைச்சி ஆகுமானதா என்று ஐயுற்றால், கேட்டறிய ஆலிம் எவரும் அருகில் இல்லை, அவரே ஆலிம். அவர் அங்குக் கண்ட முதல் ரமலான் 1909 செப்டம்பர் மாத நடுவில் பிறந்தது. தலைப்பிறை கண்டதை அறிவிக்க ஜமாஅத் இல்லை, தராவீஹ் தொழுகைக்கு ஸஃப்பு நிற்கப் போதிய ஆள் இல்லை என்ற நிலையை எண்ணிப் பாருங்கள். நம் அத்திப்பட்டில் மேற்கிலிருந்து சற்றே வடக்காகத் திரும்பித் தொழுகின்றோம். டோக்கியோவிலும் ஏறத்தாழ அதே திசையில்தான் கிப்லா அமைகின்றது. பழகிய அத்திசை ஒன்றே அந்நகரில் அவருக்கு மாறாமல் இருந்தது எனலாம்.

அவர் தம் வீட்டோடும் வேலையோடும் ஒடுங்கிவிடவில்லை. கிடைத்த வேலையைச் செம்மையாகச் செய்தார். தம் மொழியை அந்நாட்டு இளைஞர்களுக்குக் கற்பித்தார். ஊதியம் தந்த அவ்வேலையே அந்நாட்டு மக்களோடு பழகவும் வழி திறந்தது. மறு ஆண்டே, அதாவது 1910இல், இஸ்லாமிய சகோதரத்துவம் என்று பொருள்படும் பெயரில் ஓர் ஆங்கில இதழைத் தொடங்கினார். அப்போது ஜப்பானில் வாழ்ந்த அஹ்மத் ஃபழ்லி என்ற எகிப்தியர் அம்முயற்சியில் துணைநின்றார். போபாலில் பிறந்த ஒருவரும் எகிப்தில் பிறந்த ஒருவரும் ஜப்பானில் கைகோத்து நடத்திய இதழ் அது. ஒரே கலிமாவை மொழிந்தவர்கள் என்பதைத் தவிர அவ்விருவருக்கும் வேறு உறவு எதுவும் இருந்ததில்லை.

அவ்விதழ்ப் பணியில் ஹாத்தானோ உஹோ என்ற ஜப்பானியர் அவருடன் நெருங்கிப் பழகினார். 1911ஆம் ஆண்டில் ஹாத்தானோ இஸ்லாத்தைத் தழுவி ஹஸன் என்று பெயர் பெற்றார். அவருடைய மனைவியும், உயர்குடிப் பிரபுவான மாமனாரும் உடன் தழுவினர். ஜப்பானிய மண்ணில் இஸ்லாத்தைத் தழுவிய முதல் குடும்பங்களுள் ஒன்றாக அக்குடும்பத்தை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். இரண்டாண்டுகளுக்கு முன் தனியொருவராக வந்திறங்கிய மௌலவியின் அருகில் அம்மண்ணின் மைந்தர்களே வந்து நின்றனர்.

சோதனையும் உடன் வந்தது. அவ்விதழ் மார்க்கத்தோடு நிற்கவில்லை. முஸ்லிம் நாடுகளையும் இந்தியாவையும் ஆங்கிலேய ஏகாதிபத்தியம் நடத்தும் விதத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஜப்பானோ 1902ஆம் ஆண்டு முதல் பிரிட்டனோடு நட்புடன்படிக்கை செய்துகொண்ட நாடு. தமக்கு ஊதியம் தருவது அந்நாட்டு அரசுப் பள்ளி என்பதையும், ஆங்கிலேயத் தூதரகம் தம்மைக் கண்காணிக்கின்றது என்பதையும் அவர் அறியாதவர் அல்லர். வாய்மூடியிருந்தால் வேலை நிலைத்திருக்கும். அவர் வாய்மூடவில்லை. 1912ஆம் ஆண்டில் அவ்விதழ் இந்தியாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆங்கிலேயரின் வற்புறுத்தலுக்கு இணங்கி ஜப்பானிய அரசும் அதனை நிறுத்தியது. 1914 மார்ச் மாதத்தோடு ஆசிரியர் பணியும் பறிபோனது. ஐந்தாண்டுகளில் அரும்பாடுபட்டு அமைத்துக்கொண்ட வாழ்வு கலைந்தது.

அவ்வாண்டிலேயே அவர் சான்பிரான்சிஸ்கோ சென்று கதர் இயக்கத்தில் முன்னணியில் நின்றார். 1915 டிசம்பர் 1 அன்று காபூல் நகரில் இந்தியாவின் தற்காலிக அரசு அமைக்கப்பட்டபோது, ராஜா மகேந்திர பிரதாப் குடியரசுத் தலைவராகவும், பரக்கத்துல்லாஹ் பிரதமராகவும், மௌலானா உபைதுல்லாஹ் சிந்தி உள்துறை அமைச்சராகவும் பொறுப்பேற்றனர். நம் தமிழர் செண்பகராமன் பிள்ளையும் அவ்வரசில் அயலுறவுத் துறைக்கு உரியவராகக் குறிக்கப்பட்டார். 1919இல் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தார். 1927 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் ஜவஹர்லால் நேருவோடு கலந்துகொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் வஃபாத் ஆனார். கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் நல்லடக்கம் செய்யப்பட்டார். விடுதலை பெற்ற தாய்மண்ணைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. போபால் பல்கலைக்கழகத்திற்கு 1988ஆம் ஆண்டில் அவர் பெயர் சூட்டப்பட்டது.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பரக்கத்துல்லாஹ் அவர்கள் வெளியேறிய பின்னர் டோக்கியோவில் அவர் தொடங்கிய பணி தொடரவில்லை. ஹாத்தானோ வேறொரு பெயரில் இதழ் நடத்திப் பார்த்தார், அதுவும் நீடிக்கவில்லை. காரணம், ஒருவர் தோளில் நின்ற பணி அது. அவரைத் தாங்க அங்கு ஒரு ஜமாஅத் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் கோபே துறைமுக நகரில், இந்திய வணிகர்களும் ரஷ்யாவிலிருந்து அகதிகளாக வந்த தாத்தாரிய முஸ்லிம்களும் பிறரும் பொருள் திரட்டி எழுப்பிய பள்ளிவாசல் 1935இல் திறக்கப்பட்டது. 1945ஆம் ஆண்டின் போர்க்காலக் குண்டுவீச்சிலும், 1995ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்திலும் அது நிலைகுலையாமல் நின்றது. டோக்கியோவில் 1938இல் பள்ளிவாசல் எழுந்தது. தனியொருவரின் தியாகம் வழியைத் திறந்தது. அவ்வழியில் நிலைத்து நின்றது பலர் கூடி அமைத்த ஜமாஅத்தே.

ஆகவே, ஜமாஅத்தார்களே! வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியனுப்ப வேண்டியது இதுதான்: சென்ற ஊரில் முதலில் பள்ளிவாசலைத் தேடுங்கள், இல்லையெனில் இருவர் மூவராகக் கூடித் தொழுங்கள், வேலையை நேர்மையாகச் செய்து, அந்நாட்டு மக்களோடு நல்லுறவு கொள்ளுங்கள்.

மற்றொரு கடமை நம் வாசலிலேயே காத்திருக்கின்றது. அனல் மின் நிலையங்களிலும் துறைமுகத்திலும் தொழிற்கூடங்களிலும் வேலை தேடி, பீகார், உத்தரப்பிரதேசம், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து எத்தனையோ இளைஞர்கள் நம் வட்டாரத்திற்கு வந்துள்ளனர். ஜும்ஆ நாளில் அவர்களுள் சிலர் கடைசி ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, எவரோடும் பேசாமல் செல்கின்றனர். தமிழ் பயான் அவர்களுக்குப் புரிவதில்லை. நோய் கண்டால் யாரிடம் சொல்வது என்று அவர்கள் அறியார். பரக்கத்துல்லாஹ் அவர்கள் டோக்கியோவில் கற்பித்த இந்துஸ்தானியைத்தான் அவர்களுள் பலர் பேசுகின்றனர். அவர் இன்று புதியவராக நம் ஊருக்கு வந்திருந்தால், அந்தக் கடைசி ஸஃப்பில்தான் நின்றிருப்பார். நாம் அவருக்கு ஸலாம் கூறி, பெயரையும் ஊரையும் விசாரித்திருப்போமா?

மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களை மதீனத்து அன்சாரிகள் உடன்பிறந்தாராக ஏற்றுத் தம் வீட்டிலும் உடைமையிலும் பங்களித்த வரலாற்றை நாம் பயான்களில் கேட்டு மகிழ்கின்றோம். அன்சாரிகளாகும் வாய்ப்பு இப்போது நம் பள்ளிவாசலின் வாசற்படிக்கே வந்திருக்கின்றது. வரும் ஜும்ஆவிலிருந்தே நம்மில் ஒவ்வொருவரும் அறிமுகமில்லாத ஒருவரிடம் சென்று பேசுவோமாக.

மௌலவி பரக்கத்துல்லாஹ் அவர்களின் கப்றை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அயலூரில் வாழும் நம் பிள்ளைகளையும், நம் ஊரில் வாழும் அயலவரின் பிள்ளைகளையும் அவன் காத்தருள்வானாக! ஆமீன்.