ஜெய்பால் சிங்: மைதானத்திலிருந்து மன்றத்துக்கு

1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி முதன்முறையாகத் தங்கப் பதக்கம் வென்றதைப் பலரும் அறிவர். அவ்வணிக்குத் தலைமை ஏற்றுச் சென்றவர், ராஞ்சிக்கு அருகே ஒரு சிற்றூரில் 1903-இல் பிறந்த முண்டா பழங்குடி இளைஞர் ஜெய்பால் சிங் என்பதை அறிந்தவர் குறைவு.

மிஷனரிப் பள்ளியில் பயின்று, பாதிரியார் ஒருவரின் ஆதரவில் ஆக்ஸ்போர்டு சென்ற அவர், அங்குப் படித்தது பொருளாதாரம். (அத்துறையில் பாடம் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இதில் சிறு பெருமிதம் உண்டு.) ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்வான நிலையில், ஒலிம்பிக்கில் ஆட விடுப்பு மறுக்கப்பட்டது. விடுப்பின்றியே சென்றார், பின்னர் அப்பணியையே துறந்தார்.

கோல்ட் கோஸ்ட்டிலும் ராய்ப்பூரிலும் ஆசிரியராகவும், பிகானீர் சமஸ்தானத்தில் உயர் பதவியிலும் இருந்தவரை 1939-இல் ஆதிவாசி மகாசபை தலைவராக்கியது. சோட்டாநாகபுரியில் நிலம் தனியொருவரின் உடைமையன்று. காடு திருத்திய குலத்தின் கூட்டுரிமை. பத்திரமும் பட்டாவும் அறியாத அம்மக்களிடமிருந்து ஜமீன்தார்களும் வட்டிக்கடைக்காரர்களும் அந்த நிலத்தைக் கவர்ந்தனர். பிர்சா முண்டாவின் கிளர்ச்சிக்குப் பிறகு, 1908-இல் வந்த குத்தகைச் சட்டம் ஓரளவே காப்பளித்தது. பழங்குடிகளின் சிக்கல் வறுமை என்பதைவிட உடைமை இழப்பு என்பதை ஜெய்பால் சிங் தெளிவாக உணர்ந்திருந்தார்.

அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியவை இன்றும் படிக்கத் தக்கவை. பழங்குடிகளுக்கு மக்களாட்சியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை என்றார். மதுவிலக்கு விவாதத்தில், அரிசிக் கள் இல்லாமல் சந்தால்கள் நாற்று நடவுக்கு இறங்கமாட்டார்கள் என எடுத்துரைத்தார். நகரத்து உறுப்பினர்களுக்கு அது விந்தையாகத் தோன்றியிருக்கலாம். வேளாண் உற்பத்தியை அறிந்தவரின் கூற்று அது. ஐந்தாவது அட்டவணையில் பழங்குடியினர் குழு வெறும் ஆலோசனை அமைப்பாகச் சுருங்குவதையும் அவர் எதிர்த்தார், வெல்ல முடியவில்லை.

அவரது ஜார்க்கண்ட் கட்சி 1952 தேர்தலில் பிகார் சட்டப்பேரவையில் 32 இடங்களைப் பெற்று முதன்மை எதிர்க்கட்சியானது. ஆனால், தனி மாநிலக் கோரிக்கையை மாநில மறுசீரமைப்பு ஆணையம் ஏற்கவில்லை. செல்வாக்கு தேயத் தொடங்க, 1963-இல் கட்சியைக் காங்கிரஸுடன் இணைத்தார். அவர் வாழ்வின் பெரும் பிழை இதுவே என்பது என் கருத்து. நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் அணைகளுக்கும் கிராமங்கள் காலியாகிக் கொண்டிருந்த அந்நாளில், எதிர்த்துக் கேட்க வலுவான கட்சி இல்லாது போயிற்று.

1970-இல் அவர் மறைந்தார். பிர்சா முண்டாவின் பிறந்த நாளான நவம்பர் 15 அன்று, 2000-ஆம் ஆண்டில், ஜார்க்கண்ட் தனி மாநிலமானது. ஐந்தாவது அட்டவணைக் குழுக்கள் இன்றும் ஆலோசனை மட்டுமே கூறுகின்றன.