இனிஷியலுக்குள் ஒரு ஊர்

பாஸ்போர்ட் ஃபார்ம்ல ‘சர்நேம்’ கட்டத்துக்கு வந்ததும் நீங்களும் கொஞ்ச நேரம் முழிச்சிருப்பீங்க. வெள்ளைக்காரங்களுக்கு அது சுலபம். முப்பாட்டன் கொல்லரா இருந்தா பேரன் ஸ்மித், ஜான் மகன் வழின்னா ஜான்சன். நமக்கு இருக்கிறது இனிஷியல்தான். அதுலயே ஊரையும் அப்பாவையும் சுமந்தவர் ரா.பி. சேதுப்பிள்ளை.

‘ரா’ என்பது நெல்லைப் பக்கம் இருக்கிற இராசவல்லிபுரம். ‘பி’ அப்பா பிறவிப்பெருமான் பிள்ளை. 1896 மார்ச் 2-ல் பிறந்தார். பாளையங்கோட்டை, நெல்லை, சென்னைப் பச்சையப்பன் கல்லூரி என்று படிப்பு. பிறகு சட்டம் முடித்து நெல்லையில் வக்கீல். அங்கே நகராட்சித் துணைத் தலைவராகவும் இருந்தார். அப்போ அவர் பார்த்த ஒரு வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வாய்க்கு வாய் மாறித் தப்பாக வழங்கிய தெருப் பெயர்களைத் திருத்தி, உண்மையான பெயர்களை நிலைக்க வைத்தார். பதவிக்கு வர்றவங்க புதுப் பேர் வைக்கத்தான் ஆசைப்படுவாங்க. இவர் பழைய பேரைத் தேடினார்!

வக்கீல் தொழிலை விட்டு அவர் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்த இடம் நமக்குப் பக்கம்தான்: சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார், கடைசிவரை அங்கேதான். ‘ஊரும் பேரும்’ 1946-ல் வந்தது. கல்வெட்டையும் பழைய பாடல்களையும் வைத்துக்கொண்டு, ஒரு ஊர்ப் பெயரில் நிலம் எது, கோயில் எது, அரசன் யார் என்று பிரித்துக் காட்டுகிற புத்தகம். மெஷினைக் கழற்றிப் பார்க்கிற நமக்கு அந்த ருசி தெரியும்.

நம்ம விருத்தாசலத்தையே கழற்றுங்க. விருத்தம்னா முதுமை, அசலம்னா மலை. பழைய பெயர் முதுகுன்றம். அதை அப்படியே வடமொழிக்கு மாத்திட்டாங்க, அவ்வளவுதான். பர்மிங்ஹாமில் வர்ற ‘ஹாம்’ குடியிருப்பு. நம்ம மந்தாரக்குப்பத்துக் குப்பமும் குடியிருப்புதான்.

1955-ல் தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமி விருது இவருடைய ‘தமிழின்பம்’ நூலுக்குக் கிடைத்தது. 1961 ஏப்ரல் 25-ல் காலமானார்.

அதே 1961-ல்தான் நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி வெளியே தெரிந்தது. சுரங்கத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் வழிவிட்ட கிராமங்களுக்கு ஆளுக்கொரு பேர் இருந்தது. இப்போ நம்ம அட்ரஸில் இருக்கிறது பிளாக் நம்பர். உங்க பிளாக் இருக்கிற இடத்தில் முன்னாடி எந்த ஊர், எந்த ஏரி இருந்ததுன்னு தாத்தா பாட்டிகிட்ட கேட்டு எழுதி அனுப்புங்க. அடுத்த இதழ்ல போடுறோம்.