கல்மரங்களைப் படித்த பேராசிரியர்

செஞ்சி என்றதும் ராஜா தேசிங்கின் கோட்டை நினைவுக்கு வருகிறது. கோட்டையைவிடப் பன்மடங்கு தொன்மையான வரலாறு அந்த வட்டாரத்துக்கு உண்டு. செஞ்சிக் குன்றுகளின் நீரைச் சுமந்து கிழக்கே செல்லும் சங்கராபரணி ஆற்றையொட்டிய திருவக்கரையில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழைமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இத்தகைய கல்மரங்களைப் படிக்கும் தொல்தாவரவியலை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர் பீர்பால் சாஹ்னி.

இன்றைய பாகிஸ்தானிலுள்ள பேராவில் 1891 நவம்பர் 14 அன்று பிறந்த சாஹ்னி, லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். 1919இல் தாயகம் திரும்பி, 1921இல் லக்னௌ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியரானார். இந்திய ஊசியிலை மரப் படிவங்கள் குறித்து 1931இல் அவர் வெளியிட்ட ஆய்வில் திருவக்கரை மரமும் இடம்பெற்றது. 1936இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது.

தாவரப் படிவங்களைக் காலநிலையின் சாட்சிகளாக அவர் கண்டார். காஷ்மீரின் கரேவா படிவுகளில் புதைந்த இலைகளைக் கொண்டு, இமயம் உயர உயரத் தாவரங்களும் மாறியதை விளக்கினார்.

அந்தப் பார்வை நம் மண்ணுக்கும் பொருந்தும். திருவக்கரையை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காட்டின் மணற்கல்லில், குங்கிலியக் குடும்பத்துப் பூக்கும் மரங்களின் படிவங்களைப் பின்வந்த ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அக்குடும்பத்தின் பெரும்பாலான இனங்களுக்கு மழை மிகுந்த காடுகளே தாயகம். வறட்சிக்குப் பழகியவை சிலவே. செஞ்சிக் குன்றுகளிலோ இன்று வறட்சி தாங்கும் மரங்களும் முட்புதர்களுமே மிகுதி. மழை குறைந்தபோது சில இனங்கள் மறைந்தன. சில ஈரமான மலைகளில் ஒதுங்கின. சில, வறண்ட வாழ்வுக்கேற்பப் புதிய இனங்களாகக் கிளைத்தன.

இதற்கெல்லாம் தேவைப்பட்டது கால அவகாசம். பொருளாதாரம் பயிற்றுவித்த நான் இதை மூலதனக் கணக்காகவே பார்க்கிறேன். பல லட்சம் ஆண்டுகளில் திரண்ட செல்வத்தை, காடழித்தும் கரியெரித்தும் சில தலைமுறைகளில் செலவழிக்கிறோம். காலநிலை இதற்கு முன்பும் மாறியதே என்று வாதிடுவோர், அம்மாற்றத்தின் வேகத்தை மறந்துவிடுகின்றனர். இடம்பெயரவும் தகவமைந்து கிளைக்கவும் தாவரங்களுக்கு இன்று அவகாசமில்லை. நகர்ந்து செல்லத் தொடர்ச்சியான காடுகளும் இல்லை. எஞ்சியுள்ள குன்றுக்காடுகளைக் காப்பதே அவற்றுக்கு நாம் தரக்கூடிய அவகாசம்.

லக்னௌவில் சாஹ்னி நிறுவிய ஆய்வுக்கழகக் கட்டடத்துக்கு 1949 ஏப்ரல் 3 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 10 அன்று, சாஹ்னி காலமானார். துணைவியார் சாவித்திரி அப்பணியை ஏற்று நடத்தினார். அவர் பெயர் தாங்கிய அந்நிறுவனம் இன்றும் இயங்குகிறது. திருவக்கரைக்குச் செல்வோர், அம்மன் கோயிலில் வழிபட்டபின் கல்மரங்களையும் கண்டு வரவேண்டும். ஒரு காடு எவ்வளவு மெல்ல உருவாகிறது என்பதற்கு அவற்றைவிடச் சான்று வேறில்லை.