மாணவர் ஏடுகளில் வாழ்ந்த பேராசிரியர்

1916ஆம் ஆண்டிலே, ஐரோப்பாக் கண்டம் போர்த்தீயில் வெந்துகொண்டிருந்த வேளையில், லோசான் நகரிலும் பாரிஸ் மாநகரிலும் பிரெஞ்சு மொழி நூலொன்று வெளியாயிற்று. ‘பொது மொழியியற் பாடம்’ என்பது அதன் பெயர். ஆசிரியர் என்று முகப்பிலே குறிக்கப்பட்டிருந்தவர் மூன்றாண்டுகளுக்கு முன்னரே மறைந்துபோனவர். அந்நூலை அச்சேற்றுமாறு அவர் எவரிடமும் கூறிச் சென்றாரல்லர். அதனைத் தொகுத்து எழுதிய அறிஞர் இருவரோ, அந்நூலுக்கு ஆதாரமான விரிவுரைகளைக் கேட்டவரும் அல்லர். இவ்வளவு விந்தையான பிறப்பினையுடைய அச்சிறு நூலே இருபதாம் நூற்றாண்டு மொழியியலின் அடிக்கல்லாக அமைந்தது. அதன் பின்னே நின்ற வாழ்க்கை, கல்வி கற்பாரும் கற்பிப்பாரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அப்பெருமகனாரின் பெயர் பேர்டினண்ட் டி சசூர். ஜெனீவா நகரிலே 1857ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் பிறந்தார். அறிவியற் கல்வி வழிவழியாகத் தழைத்த குடும்பம் அது. அவருடைய பூட்டனார் ஆல்ப்ஸ் மலைகளை ஆராய்ந்த பெரும் விஞ்ஞானி. 1787ஆம் ஆண்டிலே மோன் பிளான் சிகரத்தின் உச்சியை அடைந்து ஆங்கே அளவைகள் எடுத்தவர். தந்தையார் ஆன்ரி பூச்சியினங்களின் ஆராய்ச்சியிற் புகழ் பெற்றவர். கல்லையும் பனியையும் வண்டினங்களையும் நுணுகி ஆராய்ந்த அக்குடியிலே தோன்றிய சிறுவன், சொல்லின்பால் மனம் வைத்தான்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். குடும்ப நண்பராகிய அடோல்ப் பிக்டே என்னும் முதியவர், இந்தோ-ஐரோப்பிய மொழிகளைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். அவரைக் கண்டு பழகிய சிறுவனுக்கு, உலகத்துச் சொற்கள் அனைத்தையும் ஒரு சில வேர்களில் அடக்கிவிடலாம் என்னும் பேராசை உண்டாயிற்று. பதினைந்து வயதை ஒட்டிய காலத்திலேயே அக்கருத்தை ஒரு கட்டுரையாக்கி முதியவரிடம் சமர்ப்பித்தான். அவர் சிறுவனின் முயற்சியை மெச்சினார்; ஆயினும் மொழிகள் யாவற்றையும் ஒரே பிடியில் அடக்கும் திட்டங்களை விட்டுவிடுமாறு அன்புடன் அறிவுரை கூறினார்.

அக்காலத்திலேயே வேறொரு நிகழ்ச்சியும் நேர்ந்தது. பள்ளியிற் கிரேக்க நூலொன்றைப் படிக்கும்போது, வினைச்சொல் ஒன்றிலே னகர ஒலி வரவேண்டிய இடத்தில் அகரம் வந்திருப்பதை மாணவன் கண்டான். மெய்யெழுத்துகளின் நடுவே அகப்பட்ட னகரம் உயிரின் தொழிலை மேற்கொண்டு, கிரேக்கத்திலே அகரமாக மாறியிருத்தல் வேண்டும் என்று தானே உய்த்துணர்ந்தான். இஃது எல்லாரும் அறிந்த செய்தியாகவே இருக்கும் என்று எண்ணி எவரிடமும் உரையாது விட்டான்.

1875ஆம் ஆண்டு ஜெனீவாச் சர்வகலாசாலையிற் சேர்ந்தபோது, குடும்ப மரபை ஒட்டிப் பௌதிகமும் இரசாயனமும் பயிலத் தொடங்கினார். உள்ளமோ மொழிகளையே நாடிற்று. வடமொழி இலக்கணத்தைத் தாமே முயன்று கற்றார். 1876இல் பாரிஸ் மொழியியற் கழகத்தின் உறுப்பினருமானார். ஓராண்டு கழிந்ததும் பெற்றோரின் இசைவு பெற்று, ஜேர்மனியின் லைப்சிக் நகருக்குப் புறப்பட்டார்.

அந்நாளிலே மொழி ஆராய்ச்சிக்கு லைப்சிக் தலைநகரம் போன்றது. ஒலிமாற்ற விதிகள் விலக்கின்றிச் செல்லும் என்று முழங்கிய இளம் இலக்கணிகள் ஆங்கே கொடிகட்டிப் பறந்தனர். குர்தியுஸ், லெஸ்கின், ஓஸ்தொப், ஹூப்ஷ்மன் முதலியோரிடம் கிரேக்கம், சிலாவியம், இலிதுவேனியம், பழைய பாரசீகம் என்று பலதுறைப் பாடங்களைச் சசூர் கேட்டார். வந்து சேர்ந்த தொடக்கத்திலேயே ஹூப்ஷ்மன் அவரிடம் ஒரு வினாவை எழுப்பினார்: உயிரின் தொழில் செய்யும் னகரத்தைப் பற்றிப் புரூக்மன் என்பார் அவ்வாண்டு வெளியிட்டுள்ள புதுமையைக் குறித்து அவருடைய கருத்து யாது? இளைஞர் திகைத்தார். பள்ளிப் பருவத்திலே தாம் கண்டு, பொதுச்செய்தி என்று எண்ணிப் பேசாதிருந்த உண்மையே ஐரோப்பிய அறிஞர்களின் பெருங்கண்டுபிடிப்பாகப் போற்றப்படுவதை அன்று அறிந்தார். முந்திக் கண்டவர் அவர். முந்தி உரைத்தவர் வேறொருவர்.

இவ்வனுபவம் அவரைச் சோர்வுறச் செய்யவில்லை. மாணவராயிருக்கும்போதே, 1878ஆம் ஆண்டின் இறுதியில், ஆண்டு 1879 என்று முகப்பிற் பொறித்த ஆராய்ச்சி நூலொன்றை வெளியிட்டார். இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் ஆதி உயிரொலி அமைப்பைப் பற்றியது அது. ஏறக்குறைய முந்நூறு பக்கம் கொண்டது. ஆசிரியருக்கு வயது இருபத்தொன்று. பட்டம் பெறாத மாணவர் ஒருவர் இத்தகைய நூலை எழுதக்கூடுமோ என்று பலர் ஐயுற்றனர். பேராசிரியர் ஒருவர் இவரைக் கண்டு, அந்தப் பெரிய அறிஞர் சசூருக்கு நீர் உறவினரோ என்று வினவினார் என்ற செய்தியும் வழங்குகின்றது.

அந்நூலின் சாரம் இதுவாகும். வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உயிரொலிகளை ஒப்பிட்டால் வேறுபாடுகள் தாறுமாறாகத் தோன்றும். சசூர் அவற்றை ஓர் ஒழுங்கிற் கொணர்ந்தார். ஆதி மொழியிலே, எந்த மொழியிலும் இன்று காணப்படாத சில ஒலிகள் இருந்தன என்றும், அவை மறைந்தபோது அயலிலிருந்த உயிரை நீட்டியும் திரித்தும் சென்றன என்றும் கணக்குப் போட்டுக் காட்டுவார்போல் நிறுவினார். அவ்வொலிகள் எவ்வாறு ஒலித்தன என்று அவர் கூறவில்லை. அமைப்பு அவற்றை வேண்டிநிற்கின்றது என்பதே அவர் வாதம். கண்ணாற் காணாத கோளொன்றைக் கணிதத்தால் உண்டென்று உரைக்கும் வானநூலாரின் துணிவு அது. ஜேர்மானிய அறிஞர் சிலர் சீறினர், பலர் வாளாவிருந்தனர்.

இடையிலே பெர்லின் சென்று வடமொழியும் கெல்திய மொழிகளும் பயின்று, மீண்டும் லைப்சிக் வந்து, 1880ஆம் ஆண்டு பெப்ரவரியில் மிகவுயர்ந்த சிறப்புடன் கலாநிதிப் பட்டம் பெற்றார். பட்டத்திற்கென அவர் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது: வடமொழியில் ஆறாம் வேற்றுமை தனித்து நின்று ஒரு தொடராக வரும் இடங்கள் எவை என்பது. ஒருபுறம் ஆதிமொழி முழுவதையும் அளாவிய பெருநூல். மறுபுறம் ஒரு வேற்றுமையின் ஒரு பயன்பாட்டை நுணுகி ஆராய்ந்த ஏடு. அவருடைய கல்வியின் இரு சிறகுகள் இவை.

பாரிஸ் நகரின் உயர்கல்விக் கூடத்திலே 1881ஆம் ஆண்டு, இருபத்து நான்காம் வயதளவில், விரிவுரையாளராக அமர்ந்தார். பத்தாண்டுகள் கொதிக் மொழியும் பழைய ஜேர்மானியமும் ஒப்பிலக்கணமும் கற்பித்தார். அந்துவான் மெய்யே, மொரிஸ் கிரமோன் போன்ற மாணாக்கர் அவரிடம் உருவாயினர். 1891இல் தாயகம் திரும்பி, ஜெனீவாச் சர்வகலாசாலையிற் பேராசிரியப் பணியேற்று, ஆண்டுதோறும் வடமொழி கற்பித்து வந்தார்.

இங்கேதான் வாசகரைத் திகைக்கவைக்கும் மௌனம் தொடங்குகின்றது. இருபத்தொரு வயதிலே உலகை வியக்கவைத்தவர், அதன் பின்னர் முழு நூல் ஒன்றும் வெளியிடவில்லை. இலிதுவேனிய மொழியின் அழுத்த விதியைக் கூறும் சிறந்த கட்டுரைகள் வந்தன, வேறு சிறு குறிப்புகளும் வந்தன, நூல் வரவில்லை. 1894ஆம் ஆண்டு மெய்யேக்கு எழுதிய கடிதத்திலே தம் வேதனையை அவர் வெளிப்படுத்தினார். மொழியைப் பற்றி அறிவுக்குப் பொருந்தும்படி பத்து வரி எழுதுவதுகூட அரிதாயிருக்கின்றது என்றும், மொழியியலில் வழங்கும் கலைச்சொற்களில் ஒன்றேனும் தெளிவான பொருளுடையதாய்த் தோன்றவில்லை என்றும் அவர் வருந்தினார். மொழிநூலார் செய்வது என்ன என்பதையே முதலில் அவர்களுக்குக் காட்டவேண்டும் என்ற எண்ணம் அவரை வாட்டிற்று. எழுதுவார், மீண்டும் எழுதுவார், முடிக்காது விடுவார். பழைய இலத்தீன் கவிதைகளில் பெயர்கள் மறைந்து கிடக்கின்றன என்று ஐயுற்று நூற்றுக்கு மேற்பட்ட ஏடுகளை நிரப்பினார். கவிஞன் அறிந்து செய்தானா, தற்செயலா என்பதைத் துணிய இயலாமையால் அவற்றையும் வெளியிடாது கைவிட்டார்.

1906ஆம் ஆண்டின் இறுதியிலே, பொது மொழியியல் கற்பித்துவந்த பேராசிரியர் ஓய்வுபெற, அப்பாடமும் சசூரின் தலைமேல் வந்தது. எழுத இயலாது தவித்த பொருளை இப்போது பேசியே ஆகவேண்டும்! 1907இலும், 1908–09இலும், 1910–11இலும் ஆக மூன்று முறை அப்பாடத்தை நடத்தினார். ஒவ்வொரு முறையும் கேட்டவர் பன்னிருவருக்கு மேற்பட்டாரல்லர். ஒரே பாடத்தை அவர் மும்முறை கூறவில்லை. மும்முறையும் புதிதாகச் சிந்தித்தார்.

அவர் கற்பித்தவற்றுள் ஒன்று தமிழ் இலக்கணம் பயின்றார்க்கு அந்நியமாகாது. மரம் என்னும் ஒலிக்கும் மரமாகிய பொருளுக்கும் இயற்கைத் தொடர்பு யாதும் இல்லை; சமூகத்தின் உடன்பாடே அவற்றைப் பிணைக்கின்றது என்றார். இடுகுறிப்பெயர் என்று நம் இலக்கணிகள் கூறுவது இதுவே. பத்து என்பது இடுகுறி. பதின்மூன்று என்பதிலோ ஓரளவு காரணம் புலப்படும். இந்த ஏற்றத்தாழ்வையும் சசூர் தம் மொழியின் எண்ணுப்பெயர்களைக் கொண்டு விளக்கினார். ஆயின் அவர் அங்கே நின்றுவிடவில்லை. சொல்லின் மதிப்பு அதன் அயலில் நிற்கும் சொற்களாலே வரையறுக்கப்படுகின்றது என்று மேலும் சென்றார். தமிழில் ‘நாம்’ என்பது கேட்போரையும் உட்படுத்தும். ஏனெனில் கேட்போரை விலக்கும் ‘நாங்கள்’ அதன் பக்கத்திலே நிற்கின்றது. ஆங்கிலேயருக்கு அவ்விரண்டிற்கும் ஒரே சொல்லே உண்டு. ஆகவே அச்சொல்லின் மதிப்பு நம் சொல் எதனுடைய மதிப்புடனும் ஒவ்வாது. மொழி என்பது பெயர்ப்பட்டியல் அன்று; வேறுபாடுகளால் நெய்த வலை என்பது இதன் கருத்து.

சமூகத்திற்குப் பொதுவான மொழி அமைப்பு வேறு, தனியொருவனின் பேச்சு வேறு என்றும், ஒரு காலத்து மொழியின் நிலையை ஆராய்வது வேறு, காலந்தோறும் வந்த மாற்றத்தை ஆராய்வது வேறு என்றும் அவர் பிரித்துக் காட்டினார். சதுரங்கப் பலகையை நோக்குபவனுக்கு, காய்கள் இப்போது நிற்கும் நிலை போதும்; அவை எவ்வழியாக அங்கு வந்தன என்பதை அறியாமலே ஆட்டத்தின் நிலையை உணரலாம் என்பது அவர் காட்டிய உவமை.

1912ஆம் ஆண்டு கோடையில் நோய் அவரைப் பற்றியது. 1913ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள், வுப்ளான் கோட்டை மாளிகையிலே, ஐம்பத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார்.

அவரிடம் முன்னர்ப் பயின்றவர்களாகிய சார்ல் பாய்யி, ஆல்பேர் செஷே என்னும் இருவரும், விரிவுரைகளின் மூலத்தைத் தேடினர். வீட்டிலே மேசை இழுப்பறைகள் ஏறத்தாழ வெறுமையாயிருந்தன. பாடத்திற்கென்று அவ்வப்போது எழுதிய குறிப்புகளை அவர் தாமே அழித்துவிட்டிருந்தார். எஞ்சியவை மாணவர் குறிப்பேடுகளே. ரீட்லிங்கர் முதலிய மாணாக்கரும், செஷேயின் துணைவியாரும் வகுப்பிலிருந்து வரைந்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒத்துநோக்கி, இருவரும் நூலைக் கட்டியெழுப்பினர். அவர்கள் ஆசிரியரின் கருத்தை நேராகக் கொண்டனரா, சில இடங்களில் தம் கருத்தைக் கலந்தனரா என்னும் வாதம் பின்னர் எழுந்தது. 1958இல் எமில் கொன்ஸ்தந்தான் என்னும் மாணவரின் விரிவான ஏடுகள் வெளிப்பட்டபோது அவ்வாதம் வலுப்பெற்றது. 1996ஆம் ஆண்டு ஜெனீவாவிலுள்ள குடும்ப மாளிகையின் தோட்டக் கட்டிடத்திலே சசூரின் கையெழுத்துக் குறிப்புகளே கிடைத்தன. அவை 2002இல் நூலாயின.

இளமையில் எழுதிய நூலுக்கும் காலம் நீதி வழங்கியது. துருக்கி நாட்டுப் போகாஸ்கோய் என்னுமிடத்திலே மண்ணுள் கிடந்த இத்தைத்து மொழிக் களிமண் ஏடுகள் 1906 முதல் தோண்டியெடுக்கப்பட்டன. 1915இல் ஹிரோஸ்னி என்னும் அறிஞர் அம்மொழியின் குடும்பத்தைத் துலக்கினார். 1927ஆம் ஆண்டு போலந்து நாட்டுக் குரிலோவிச், சசூர் இருந்திருக்கவேண்டும் என்று உரைத்த ஒலிகளுள் ஒன்று அவ்வேடுகளிலே எழுத்தாகவே நிற்பதைக் காட்டினார். எலும்பை வடமொழி ‘அஸ்தி’ என்னும். கிரேக்கம் ‘ஒஸ்தேயொன்’ என்னும். இத்தைத்து மொழியிலோ அச்சொல் முதலிலே மிடற்றொலி ஒன்றைத் தாங்கி ‘ஹஸ்தாய்’ என்று நிற்கின்றது. ஏனைய மொழிகள் இழந்த ஒலி அது. நூல் வெளியாகி ஏறக்குறைய ஐம்பதாண்டு. ஆசிரியர் மறைந்து பதினான்கு ஆண்டு.

பள்ளிச் சிறுவனாய்த் தாம் கண்டதைச் சொல்லாது விட்ட சசூர், பேராசிரியரானபோது தாம் சிந்தித்ததை எழுதாது விட்டார். முன்னதிலே புகழை இழந்தார். பின்னதிலே சிந்தனையையே உலகம் இழந்திருக்கும். ஜெனீவா வகுப்பறையில் அமர்ந்திருந்த சிலர், ஆசிரியர் கூறியதை அன்றன்றே கருத்துடன் எழுதி வைத்தமையாலே அவ்விழப்பு நேராது போயிற்று. நம் சர்வகலாசாலைகளிலே இன்று விரிவுரை கேட்டுக் குறிப்பெடுக்கும் மாணவர் எவரும், தம் கையிலுள்ள ஏட்டை அற்பமாக எண்ணலாகாது. ஓர் ஆசிரியரின் வாழ்நாட் சிந்தனை அதனையே நம்பியிருத்தலும் கூடும்.