கோ 205: காட்டுப் புல்லைக் கரும்போடு சேர்த்த தமிழர்... யார் இந்த டி.எஸ்.வெங்கட்ராமன்?

கீரனூர் பக்கம் விவசாயிகள் விதையைப் பற்றிப் பேசும்போது காதில் விழும் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? நெல் என்றால் கோ 51, உளுந்து என்றால் வம்பன் 8. வம்பன் எங்கே இருக்கிறது என்று புதுக்கோட்டை மாவட்டக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆலங்குடி பக்கம் இருக்கும் அந்த ஊரில்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சரி, 'கோ' என்றால்? கோயம்புத்தூர்.

ஊர்ப் பெயர், பக்கத்தில் ஓர் எண். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் 'கோ' என்ற இந்த ஓரெழுத்தை அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா வரைக்கும் கொண்டுபோன பயிர் ஒன்று உண்டு. அது கரும்பு. அதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் டி.எஸ்.வெங்கட்ராமன்.

கரும்பு இருந்தும் சர்க்கரைக்குப் பஞ்சம்

1900களின் தொடக்கத்தில் இந்தியாவில் கரும்பு நிறையவே விளைந்தது. ஆனாலும் வெள்ளைச் சர்க்கரை ஜாவாவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கியது. காரணம் என்ன?

பொங்கலுக்கு நாம் கடித்துத் தின்கிற தடித்த கரும்பு, தென்னாட்டு வெயிலுக்கும் தண்ணீருக்கும் பழகியது. பஞ்சாப், உத்தரப் பிரதேசக் குளிரில் அது தாங்காது. அங்கே இருந்ததோ விரல் தடிமனில் ஒல்லியான நாட்டுக் கரும்பு. குளிரையும் வறட்சியையும் தாங்கும், ஆனால் விளைச்சல் குறைவு. நாட்டின் கரும்புப் பரப்பில் பெரும்பகுதி அந்த வடநாட்டில்தான் இருந்தது.

இதற்கு வழி தேட வேண்டும் என்று மதன் மோகன் மாளவியா உள்ளிட்டவர்கள் வலியுறுத்தினார்கள். 1912ல் கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கப்பட்டது. தலைவர், ஆங்கிலேயத் தாவரவியலாளர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர். அவருடைய உதவியாளர், 1884ல் பிறந்த வெங்கட்ராமன். அப்போது அவருக்கு வயது 28.

வடக்கின் பிரச்சினைக்குக் கோவை எதற்கு?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கரும்பை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை வெட்டி நடுகிறோம். கரணையில் முளைப்பது அச்சு அசல் தாய்ச்செடியேதான். எத்தனை வருடம் நட்டாலும் அதே கரும்பு, அதே விளைச்சல். புது ரகம் வேண்டுமென்றால் கரும்பு பூக்க வேண்டும், இரண்டு வகைகள் மகரந்தம் கலக்க வேண்டும், விதை பிடிக்க வேண்டும்.

வட இந்தியாவில் கரும்பு சரியாகப் பூத்து விதை பிடிப்பதில்லை. கோவையின் தட்பவெப்பத்தில் பூத்தது, விதையும் பிடித்தது. அதனால்தான் பஞ்சாபுக்கு வேண்டிய கரும்பைக் கோவையில் உருவாக்க வேண்டியிருந்தது.

கரும்பு விதை பஞ்சு மாதிரி இருக்கும், ஊதினால் பறந்துவிடும். அதைத் தொட்டியில் முளைக்க வைத்தால், ஒரே தாய்க்குப் பிறந்த நாற்றுகளிலும் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்று தடிமனாக வரும், இன்னொன்று வெறும் புல்லாக நிற்கும். ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, அளந்து, பெரும்பாலானவற்றைக் கழித்துவிட்டு, தேறியதை மட்டும் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நல்லது ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அதன் பிறகு கரணை வெட்டியே எத்தனை ஏக்கருக்கும் பெருக்கிவிடலாம்.

ஆற்றோரப் புல்லில் கிடைத்த விடை

ஆற்றங்கரையிலும் வரப்பிலும் தானாக வளரும் நாணல் போன்ற காட்டுக் கரும்பு ஒன்று உண்டு. சாறு கிடையாது, இனிப்பும் இல்லை. விவசாயிக்கு அது களை. ஆனால் வெயில், குளிர், தண்ணீர்த் தேக்கம் எதற்கும் லேசில் சாகாது.

கோவை நிலையத்தில் எடுத்த முடிவு துணிச்சலானது. 'வெள்ளை' என்ற தடித்த, இனிப்பான கரும்பைத் தாயாக வைத்து, கோவைப் பகுதியின் இந்தக் காட்டுக் கரும்பின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். இனிப்பு ஒரு பக்கமிருந்து, தாக்குப்பிடிக்கும் குணம் மறுபக்கமிருந்து. அப்படிப் பிறந்ததுதான் கோ 205.

1918ல் அது பஞ்சாபுக்குப் போனது. அங்கே விளைந்துகொண்டிருந்த நாட்டு ரகத்தைவிட சுமார் 50 சதவீதம் கூடுதல் விளைச்சல் கொடுத்தது. காட்டுக் கரும்பை நேரடியாகக் கலந்து வணிகச் சாகுபடிக்கு வந்த முதல் கலப்பினக் கரும்பு என்ற பெயரும் அதற்குத்தான்.

உதவியாளர் தலைவரானார்

பார்பர் விடைபெற்ற பிறகு நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமனிடம் வந்தது. 1942 வரை அவர்தான் தலைவர். பஞ்சாபுக்குச் சரிப்படுவது பீகாருக்குச் சரிப்படாது என்பதால், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ரகம் தேடினார்கள். கோ 210, கோ 213 என்று வரிசையாக வந்தன. கோவையில் பிறந்த நாற்றுகளை வடநாட்டு மண்ணிலேயே சோதிக்க 1932ல் ஹரியானாவின் கர்னாலில் ஒரு கிளை நிலையமும் வந்தது.

கோ 281, கோ 290 ஆகியவை கடல் தாண்டின. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலும் தென்னாப்பிரிக்காவிலும் அவை பயிராகின. 1933ல் வந்த கோ 419 தென்னிந்தியாவை ஒரு கலக்குக் கலக்கியது. 'அதிசயக் கரும்பு' என்றே அதற்குப் பெயர் விழுந்தது.

எல்லாம் கரும்பு ரகம் மட்டும் செய்த வேலை என்று சொல்லிவிட முடியாது. 1932ல் இறக்குமதிச் சர்க்கரைக்கு வரிபோட்டு உள்நாட்டு ஆலைகளைக் காக்கச் சட்டம் வந்தது. அதற்கு முன் சுமார் 30 ஆலைகள்தான் இருந்தன. சில வருடங்களிலேயே 130ஐத் தாண்டிவிட்டன. ஆனால் அத்தனை ஆலைக்கும் அரைக்கக் கரும்பு வேண்டுமே? அது வயலில் தயாராக இருந்ததற்குக் காரணம், கோவையில் அதற்கு முன்பே நடந்திருந்த 20 வருட வேலை.

மூங்கிலோடும் சேர்த்துப் பார்த்தவர்

வெங்கட்ராமன் கரும்போடு நிற்கவில்லை. சீக்கிரம் விளையும் கரும்பு கிடைக்குமா என்று பார்க்கச் சோளத்தோடு கலந்தார். 1930களில் மூங்கிலோடும் கலந்து பார்த்தார். அந்தச் செய்தி உலக அறிவியல் வட்டாரத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

இந்தக் கலப்புச் செடிகளின் உள்ளே என்ன நடக்கிறது என்று குரோமோசோம் அளவில் ஆராய, 1934ல் தலச்சேரியைச் சேர்ந்த ஜானகி அம்மாள் கோவை வந்தார். 5 வருடங்கள் இங்கே வேலை பார்த்துவிட்டு லண்டன் போனார். பிற்காலத்தில் இந்தியாவின் முதன்மையான தாவரவியலாளர்களில் ஒருவராக நிலைத்தார்.

1937ல் ஹைதராபாத்தில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வெங்கட்ராமன் தலைவர். ஆனால் தலைமை உரைக்கு அவர் எடுத்துக்கொண்டது கரும்பை அல்ல, இந்திய கிராமத்தின் நேற்று, இன்று, நாளையைப் பற்றி. 1942ல் ஆங்கிலேய அரசு 'சர்' பட்டம் கொடுத்தது. சுதந்திர இந்தியா 1956ல் பத்ம பூஷண் கொடுத்தது. 1963ல் அவர் காலமானார்.

இன்றைக்கு ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

தமிழ்நாட்டில் இன்று ஆலைக் கரும்பு போடும் விவசாயிகளுக்கு கோ 86032 நன்றாகத் தெரியும். அதே கோவை நிலையத்தின் வாரிசுதான் அது.

அதே சமயம் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. கர்னால் கிளையில் உருவான கோ 0238, உத்தரப் பிரதேசத்தில் விளைச்சலை எங்கேயோ கொண்டுபோனது. நல்ல வருமானம் கிடைத்ததால் எல்லோரும் அதையே நட்டார்கள். பிறகு செவ்வழுகல் நோய் தாக்கியது. ஒரே ரகம் என்பதால் வயல் வயலாகப் பரவி, இப்போது மாற்று ரகத்துக்கு விவசாயிகள் மாறவேண்டிய நிலை.

எந்த ரகமும் நிரந்தரம் இல்லை. நோய் மாறும், மழை மாறும், ரகமும் மாறியாக வேண்டும். அதற்காகத்தான் காட்டுக் கரும்பு வகைகளைத் தேடிச் சேகரித்து, கோவையிலும் கேரளாவின் கண்ணூரிலும் இன்றும் பாதுகாத்து வருகிறார்கள். அடுத்த கரும்புக்கு வேண்டிய குணம், வரப்போரத்தில் வெட்டி எறியப்படும் ஏதோ ஒரு புல்லில் இருக்கலாம்.