கடலடியில் ஒரு கம்பி: கெல்வின் பிரபுவின் வாழ்க்கை

கெல்வின் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? பௌதிகப் பாடத்தில் வரும் வெப்பநிலை அலகுதான். செல்சியஸ் அளவோடு 273ஐக் கூட்டினால் கெல்வின் கிடைக்கும் என்று மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதையோ, அவர் நடுக்கடலில் ஒரு கப்பலின் அறையில் கண்விழித்து ஒரு சின்னஞ்சிறு ஒளிப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையோ நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இன்று கடல் கடந்து வாழும் நம் உறவினருடன் முகம் பார்த்துப் பேசுகிறோம். அந்தப் பேச்சைச் சுமந்து செல்பவை கடலடிக் கேபிள்களே. ஒரு கேபிளைக் குருட்டு நம்பிக்கையில் செய்யாமல், கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும் என்று உலகுக்குக் கற்பித்தவர் இவர். அவருடைய வரலாற்றைச் சிறிது காண்போம்.

வில்லியம் தாம்சன் என்பதே அவருடைய இயற்பெயர். 1824ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். ஆறு வயதிலேயே தாயை இழந்தார். கணித ஆசிரியரான தந்தை ஜேம்ஸ் தாம்சன், தாய்க்குத் தாயாகவும் ஆசானாகவும் இருந்து பிள்ளைகளுக்குத் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். தந்தைக்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைக்கவே, குடும்பம் ஸ்காட்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் வில்லியம் பத்து வயதிலேயே அப்பல்கலைக்கழக வகுப்பில் சேர்ந்தான் என்றால் நமக்கு வியப்பாக இருக்கிறதல்லவா? பின்னர் கேம்பிரிட்ஜில் பயின்று, 1845இல் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார். மறு ஆண்டே, 22 வயதில், கிளாஸ்கோவில் பௌதிகப் பேராசிரியரானார். 53 ஆண்டுகள் அந்தப் பதவியிலேயே இருந்தார். நாம் படிக்கும் தனிவெப்பநிலை அளவை அவர் 1848இல் வகுத்தது.

அக்காலத்தில் தந்தி புதிய அதிசயம். நிலத்தில் கம்பங்கள் வழியே செய்தி பறந்தது. 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியிலும் கம்பி போடப்பட்டது. ஆனால் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குச் செய்தி அனுப்பக் கப்பலை விட்டால் வேறு வழியில்லை. பத்து நாளுக்கு மேல் ஆகும். அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே 3,000 கிலோமீட்டருக்கு மேல் அட்லாண்டிக் கடலடியில் ஒரே கம்பியைப் போட்டால் என்ன என்று துணிந்தவர்கள் 1856இல் ஒரு கம்பெனியைத் தொடங்கினர். தாம்சன் அதன் இயக்குநர்களுள் ஒருவரானார்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. கடலடிக் கம்பியின் நடுவே செம்பு. அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் உறை. அதற்கு வெளியே உப்பு நீர். இந்த அமைப்பு நாம் ஆய்வகத்தில் காணும் மின்தேக்கியைப் போன்றதே. ஒரு முனையில் டக்கென்று கொடுத்த மின்துடிப்பு மறுமுனையில் டக்கென்று வராது. மெல்ல மெல்ல எழுந்து, மெல்ல மெல்ல அடங்கும். அடுத்தடுத்த துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து எழுத்துகள் குழம்பும். கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால் இந்தத் தாமதம் நான்கு மடங்காகும் என்று தாம்சன் 1855இல் கணக்கிட்டு வெளியிட்டார். பரிகாரத்தையும் அவரே சொன்னார்: செம்பு தடிமனாக இருக்க வேண்டும், உறையும் தடிமனாக இருக்க வேண்டும்.

ஆனால் கம்பெனியின் மின்துறைக்குத் தலைவராக இருந்தவர் வைட்ஹவுஸ் என்னும் மருத்துவர். அவர் தாம்சனின் கணக்கை ஏற்கவில்லை. மெல்லிய கம்பியே போதும், மின்னழுத்தத்தைக் கூட்டினால் செய்தி போய்ச் சேரும் என்பது அவர் கட்சி. தாம்சன் இயக்குநராகும் முன்பே மெல்லிய கம்பிக்கு ஆர்டரும் கொடுத்தாகிவிட்டது. நாமாக இருந்தால் கோபித்துக்கொண்டு விலகியிருப்போம். தாம்சன் விலகவில்லை. இருக்கும் கம்பியைக் கொண்டு எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவும் செய்வோம் என்று முனைந்தார். கடைகளில் தூயது என்று விற்ற செம்பை அளந்து பார்த்து, அது மின்சாரத்தைக் கடத்தும் திறனில் ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு துண்டுச் செம்பையும் தொழிற்சாலையிலேயே சோதித்து வாங்கும் வழக்கம் அவருடைய வற்புறுத்தலால்தான் வந்தது.

இன்னொன்றும் செய்தார். கடுகளவு கண்ணாடி ஒன்றின் முதுகில் சிறு காந்தத் துண்டுகளை ஒட்டி, பட்டு நூலில் தொங்கவிட்டார். அதன் மேல் விளக்கொளியை விழச் செய்தார். கம்பியில் மிக மெல்லிய மின்னோட்டம் வந்தாலும் கண்ணாடி திரும்பும். தூரத்திலுள்ள அளவுகோலில் ஒளிப்புள்ளி நகரும். இதுவே கண்ணாடி கால்வனாமீட்டர். ஒருவர் கம்பியைப் பார்த்துக் கத்தப் பார்த்தார்; மற்றவரோ கம்பி சொல்வதைக் கேட்கக் காதைக் கூர்மையாக்கினார். இருவருக்கும் இருந்த வேறுபாடு இதுதான்.

1857இல் கம்பி அறுந்து கடலில் போயிற்று. 1858இல் மீண்டும் புறப்பட்டார்கள். வைட்ஹவுஸ் கரையில் நின்றுவிட, தாம்சன் ஊதியமின்றி அகமெம்னான் என்னும் கப்பலில் ஏறினார். வீட்டிலோ மனைவி மார்கரெட் தீராத நோயாளி. கம்பியை இறக்கும்போது ஒருமுறை ஒளிப்புள்ளி அசைவற்று நின்றது. எல்லாம் முடிந்தது என்று அனைவரும் மனம் சோர்ந்திருந்த வேளையில் அது மீண்டும் அசைந்தது! ஆகஸ்ட் 5ஆம் நாள் இரு கரைகளும் இணைந்தன. விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய சுமார் நூறு சொற்கள் போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. சொல் ஒன்றுக்குப் பத்து நிமிடம்! வைட்ஹவுஸ் ஏறக்குறைய 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினார். ஏற்கனவே பலவீனமாயிருந்த உறை தாங்கவில்லை. ஒரு மாதம் போல் உயிரை வைத்திருந்து கேபிள் ஊமையாயிற்று. வாணவேடிக்கையுடன் கொண்டாடிய மக்களே, இது வெறும் மோசடி என்று பேசினார்கள்.

தோல்வியின் காரணத்தை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. 1861இல் அறிக்கை வந்தது. தாம்சனின் கணக்கே சரியென்று ஏற்கப்பட்டது. புதிய கேபிளில் ஒரு கடல் மைலுக்குச் செம்பு 107 பவுண்டிலிருந்து 300 பவுண்டாகவும், உறை 261 பவுண்டிலிருந்து 400 பவுண்டாகவும் உயர்ந்தன. கிரேட் ஈஸ்டர்ன் என்னும் மாபெரும் கப்பல் அதைச் சுமந்தது. இதற்கிடையில் பனித்தரையில் விழுந்து கால் முறிந்து, வாழ்நாள் முழுவதும் நொண்டி நடக்க நேர்ந்த தாம்சனும் உடன் சென்றார். 1865இல் பாதி வழிக்கு மேல் கடந்திருந்தபோது அதுவும் அறுந்தது. 1866 ஜூலை 27ஆம் நாள், அடுத்த கேபிள் நியூஃபவுண்ட்லாந்துக் கரையைத் தொட்டது. அதோடு நின்றார்களா? ஆழ்கடலில் கொக்கி போட்டுத் துழாவி, முந்திய ஆண்டு தொலைந்த கம்பியையும் தூக்கியெடுத்து இணைத்துவிட்டார்கள்!

அவ்வாண்டே தாம்சனுக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1892இல் பிரபுவானபோது, தம் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரையே தம் பெயராக்கிக் கொண்டார். பெரியோரும் தவறுவதுண்டு, பூமியின் வயதை அவர் மிகக் குறைவாகக் கணக்கிட்டது பிற்காலத்தில் தெளிவாயிற்று. 1907 டிசம்பர் 17ஆம் நாள் மறைந்த அவர், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனுக்கு அருகே துயில்கிறார்.

கதை இங்கே முடியவில்லை. அட்லாண்டிக் கேபிள் வெற்றி பெற்றுச் சரியாக நூறாண்டு கழித்து, 1966இல், ஷாங்காயில் பிறந்த சார்லஸ் காவ் என்னும் பொறியாளர், செம்புக்குப் பதில் கண்ணாடி இழையில் ஒளியாகச் செய்தி அனுப்பலாம் என்று தம் சக ஊழியருடன் சேர்ந்து எழுதினார். ஒளி மங்குவது கண்ணாடியின் குற்றமன்று, அதில் கலந்த மாசின் குற்றம் என்று காட்டினார். செம்பின் தூய்மைக்காகத் தாம்சன் வாதாடியது நமக்கு நினைவுக்கு வருகிறதல்லவா? ஒரு கிலோமீட்டர் கடந்த பின் நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது எஞ்சினால் போதும் என்ற இலக்கை 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் எட்டினர்.

துடிப்புகள் பரவிக் குழம்பும் பழைய நோய் ஒளியிழையிலும் வந்தது. இழையின் உட்பகுதி அகலமாக இருந்தால் ஒளி பல வழிகளில் பாய்ந்து வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். ஆகவே உட்பகுதியை மீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிய வைத்தார்கள். செம்பில் தடித்தது நல்லது. கண்ணாடியில் மெலிந்தது நல்லது! விடைகள் நேர் எதிர். ஆயினும் காரணத்தைத் தேடிக் கணக்கிடும் வழி ஒன்றேதான். 1988இல் அட்லாண்டிக்கின் முதல் ஒளியிழைக் கேபிள் செயல்படத் தொடங்கியது. 2020இல் சென்னையிலிருந்து அந்தமானுக்கும் ஒன்று சென்றது.

அன்புத் தோழியரே! நம் சொல் எடுபடாதபோது குரலை உயர்த்தத் தோன்றுகிறது. முயற்சி தோற்றால், அதைத் தூக்கியெறியத் தோன்றுகிறது. அப்போதெல்லாம் பட்டு நூலில் தொங்கிய அந்தக் கடுகளவு கண்ணாடியை நினைத்துக்கொள்வோம். குறை எங்கே என்று பொறுமையாக அளந்து பார்ப்போம். அறுந்த கம்பியையும் ஒருநாள் தூக்கி இணைக்கலாம்.